அடையவளைந்தான் வீதியில் ஒரு ஜன்னல்

ஸ்ரீரங்கத்தில் பகலில் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் வீதியின் இரு சிறகு வீடுகளிலும் மரக்கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடும் சத்தம் கேட்கும். சாயங்காலம் காவேரிக் காற்று வந்த பிறகுதான் திறப்பார்கள். ரங்கூனில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது பிடிபடவே இல்லை. அங்கே வீடு என்றால் மரவீடு. ஜன்னல் என்றால் விடிந்ததும் திறந்து, விளக்கேற்றிய பின் சாத்துவது. புழுக்கத்துக்கு அதுதான் மருந்து. வந்த புதிதில் நானும் என் தங்கை செண்பகமும் எங்கள் வாடகை அறையின் ஜன்னலை நடுப்பகலில் திறந்துவைத்துக்கொண்டு, அனல் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தோம். அந்த ஒன்றிலேயே தெருவுக்கு எங்கள் கதை தெரிந்துவிட்டது. பேசுகிற தமிழ் ஒன்றுதான், கட்டுகிற வேட்டியும் புடவையும் ஒன்றுதான். ஆனாலும் உச்சி வெயிலில் ஜன்னலைத் திறந்துவைக்கிறவர்கள் வேற்றூர்க்காரர்களாகத்தானே இருக்கவேண்டும்.

ரங்கூனுக்குத் திரும்பிப் போய்விட்டவர்களும், என்னைப் போல இந்தப் பக்கமே தங்கிவிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். செண்பகத்தை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆற்றங்கரை மரக்கிடங்கில் மேஸ்திரியாக இருந்த மாணிக்கத்தின் மனைவி. மாணிக்கம் என்ன ஆனார் என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இந்த ஜன்னலைப் பற்றிய விஷயம் மட்டும்தான்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கப்பல்துறையில் நின்ற கூட்டத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள், நான் விவரிக்க வேண்டாம். பெண்களுக்கும் அவர்களுக்குத் துணையாக ஓர் ஆளுக்கும்தான் இடம் என்றார்கள். மாணிக்கம் என்னைத் துணையாக அனுப்பினார். கிடங்கில் அவருடைய ஆட்களுக்குக் கணக்கு முடித்துவிட்டு வரவேண்டும், அவர்களை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது என்றார். தன் உடுப்புகள் எல்லாவற்றையும் தேக்குப் பெட்டி ஒன்றில் அடைத்து, அதைத் தன் தோளிலேயே தூக்கிவந்து கப்பலில் ஏற்றினார். வழியில் சுமை இல்லாமல் இருந்தால் நடக்கச் சுலபம் என்று சொன்னார். அப்போதே அவர் நடந்துதான் வரவேண்டியிருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தார் போலிருக்கிறது. செண்பகத்திடம், "நீ அண்ணனோட முன்னால போ. நான் பின்னாலேயே வந்துடறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் அப்பாவின் ஊர் முசிறிக்குப் பக்கத்தில். சித்தப்பா அங்கே வாழை போட்டிருந்தார். அவர் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்ததும், நானும் செண்பகமும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தோம். அடையவளைந்தான் வீதியில் ராகவாச்சாரியார் வீட்டின் முன்னறையும் அதை ஒட்டிய சமையல்கட்டும் எங்களுக்கு. அவர் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர். ஆனால் அவர் பேசுவது பாதி எங்களுக்கு விளங்காது. முதல் நாள் அவருடைய சம்சாரம் கொல்லைப்பக்கம் வந்து, "தளிகை ஆயிடுத்தா?" என்று செண்பகத்தைக் கேட்டாள். செண்பகம் யாரோ விருந்தாளியைப் பற்றிக் கேட்கிறாள் என்று எண்ணி, "இன்னும் வரலீங்க, வந்துடுவார்" என்று சொல்லியிருக்கிறாள். சமையலைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த அறைக்குத் தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் வீதி முனையில் திரும்புவது அதன் வழியாகத் தெரியும். வேலை முடிந்த நேரமெல்லாம் செண்பகம் அங்கேதான் இருப்பாள். நெற்றியில் குங்குமம், தலையில் பூ. வந்த வருஷமே மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர் பர்மாவிலிருந்து நடந்து வந்து சேர்ந்தார். நான் தேடிப்போய்ப் பார்த்தேன். புரோம் ஊரைத் தாண்டி மலை ஏறுகிற இடத்தில் மாணிக்கத்தைப் பார்த்ததாகச் சொன்னார். கால் வீங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். கூட வந்தவர்களை முன்னால் போகச் சொன்னாராம். அதற்குப் பிறகு பார்த்தவர் யாருமில்லை. இதை நான் செண்பகத்திடம் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "உக்காந்துதானே இருந்தார்" என்றாள்.

அடுத்த வருஷத்து ஐப்பசி மழையில் அந்த ஜன்னல் விழுந்துவிட்டது. நிலையைக் கரையான் உள்ளுக்குள்ளேயே தின்றிருந்தது. வெளியே சுண்ணாம்பு பூசியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மத்தியானம் கதவு, கம்பி எல்லாம் சேர்ந்து தெருப்பக்கம் சரிந்தது. சுவரில் ஒழுங்கில்லாத ஓட்டை ஒன்று மிஞ்சியது. நான் ஒரு கோணியைத் தொங்கவிட்டேன். ராகவாச்சாரியார் வந்து பார்த்தார். செங்கல் வைத்து அடைத்துவிடலாம், அறைக்கு நிலைப்படி வழியாக வரும் வெளிச்சமே போதும் என்றார். பிறகு என்னைத் தனியே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில், "தப்பா எடுத்துக்கப்படாது. அந்தக் குழந்தை வீதியையே பார்த்துண்டு உக்காந்திருக்கா. பெருமாள் எழுந்தருள்ற நாள்ல நாலு பேர் வராளோல்லியோ, ஆம்படையான் இருக்கானா இல்லையான்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

நான் உள்ளே வந்தபோது செண்பகம் கோணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இந்தத் தேசத்துக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டாள். "அண்ணே, அதை மட்டும் அடைக்க விடாதீங்க."

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நல்ல ஜன்னல் ஒன்று கிடைத்தது. என் செலவில் வைத்துக்கொள்கிறேன், வீட்டை விட்டுப் போகும்போதும் எடுக்கமாட்டேன் என்று சொன்னதும் ராகவாச்சாரியாரால் மறுக்க முடியவில்லை. உறையூரிலிருந்து ஆறுமுக ஆசாரி வந்தார். ஜன்னல் ஓட்டையை விடச் சின்னது. நாலு பக்கமும் ஆப்பு அடித்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நிறுத்தினார். சுற்றிலும் கை நுழைகிற அளவு சந்து. அதில் செங்கல் துண்டும் சாந்தும் அடைத்துப் பூசினார். ஒரு வாரத்தில் அது வெடித்து உதிர்ந்தது. மறுபடி பூசினார், மறுபடி உதிர்ந்தது. சுவர் மண் வைத்துக் கட்டியது, பிடிமானம் இல்லை என்றார்.

ரங்கூன் வீடுகளில் ஜன்னலைச் சுற்றி நாலு பக்கமும் அகலப் பலகை அடித்திருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். சுவரும் ஜன்னலும் சேருகிற சந்தை அது மூடிவிடும். பர்மாக்காரத் தச்சர்கள் அதைப் பவுங் என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தோம். நான் யோசிக்காமல், "ஜன்னலுக்குப் பவுங் போட்டுடலாமே" என்று ஆசாரியிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஜன்னலுக்கா? பொண்ணுக்கே பவுன் போட முடியாம கிடக்கிறோம்" என்றார். வாசலில் நின்றிருந்த ராகவாச்சாரியாரின் சம்சாரத்தின் காதிலும் அது விழுந்தது. ரங்கூன்காரர்கள் ஜன்னலுக்குத் தங்கம் அடிக்கப்போகிறார்கள் என்று இரண்டு நாள் தெருவில் பேச்சு. நான் கரித்துண்டால் சுவரில் படம் போட்டுக் காட்டியபோதுதான் ஆசாரிக்குப் புரிந்தது. "அட, மறைப்புப் பலகையா. சாகிப் பங்களாவுல பாத்திருக்கேன். நம்ம வீட்டுக்கு யாருங்க அடிக்கிறா?" என்றார்.

பலகைக்கு மரம் வேண்டும். யுத்த காலம். பர்மாத் தேக்கு வருவது நின்று போயிருந்தது. கிடைத்த மரமெல்லாம் பச்சை மரம், அடித்தால் முறுக்கிக்கொள்ளும். மா, வேம்பு என்று ஆசாரி யோசித்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் மாணிக்கத்தின் பெட்டி. விரலால் ஒரு தட்டுத் தட்டி, "இது அசல் பர்மாத் தேக்குங்களே" என்றார். கேட்கவில்லை, சும்மாதான் சொன்னார். நான் பேச்சை மாற்றினேன். செண்பகம் சமையல்கட்டில் இருந்தாள்.

மறுநாள் கடையிலிருந்து வந்தபோது பெட்டி காலியாக நடு அறையில் இருந்தது. மாணிக்கத்தின் சட்டைகள், வேட்டிகள், லுங்கி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு எல்லாம் துவைத்து, கொல்லைக் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன. பெட்டியைப் பிரித்துப் பலகையை ஆசாரியிடம் கொடுக்கச் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. அவர் வரமாட்டார் என்று முடிவு செய்துவிட்டாளா? கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆசாரி பெட்டியைப் பிரித்து இழைத்தார். மேலே இருந்த கறுப்பு போனதும் உள்ளே பொன் நிறம் வந்தது. அறை முழுக்கத் தேக்கு வாசனை. மரக்கிடங்கில், ரம்பம் ஓடும் ஆலையின் வாசலில், மழை நின்ற காலையில் நான் நிற்பது போலிருந்தது. செண்பகம் சுருள் சுருளாக விழுந்த சீவலை முறத்தில் அள்ளினாள். அடுப்பில் போடவில்லை, ஒரு பையில் போட்டுக் கட்டினாள். பெட்டிப் பலகை நீளம் பற்றாத இடத்தில் ஆசாரி ஒட்டுப்போட்டார். மூலைக்கு மூலை இரு பலகையும் சாய்வாக அறுபட்டுச் சேரவேண்டும். மூன்று மூலை ஒட்டி உட்கார்ந்தது. நாலாவது மூலை மட்டும் மேலே சேர்ந்தால் கீழே பிளந்தது. பலகையில் குற்றமில்லை, சுவர்தான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிச் சீவி ஒரு மாதிரி சேர்த்தார். அதற்குள் பொன்மலைப் பட்டறையில் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. ஆணி அடித்து முடித்துவிட்டு, மெருகு வேலையை என்னிடம் விட்டுப் போனார். ஆணித்தலையை உள்ளே இறக்கிய குழிகளில் மரத்தூளையும் வச்சிரப் பசையையும் குழைத்து அடைக்கவேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசவேண்டும்.

கார்த்திகை மாதம், கடைக்கு விடுமுறை நாள். நான் ஸ்டூலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். செண்பகம் கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். முசிறி பஸ்ஸில் சித்தப்பாவும் சித்தியும் ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினார்கள். உள்ளே நுழைந்ததும் சித்தியின் கண் முதலில் பட்டது பாயின் மேல். அங்கே மாணிக்கத்தின் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. பெட்டி இருந்த மூலை வெறுமையாக இருந்தது. சித்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். போனவனின் துணியை எடுத்துவைத்துவிட்டார்கள் என்றால் செய்தி வந்துவிட்டது என்றுதான் அவளுக்கு அர்த்தம். அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, அப்படி இல்லை, அப்படி இல்லை என்று சொன்னது சித்தியின் அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. எதிர்ச் சிறகிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மெருகு முடியாத புது ஜன்னல் வழியாகத் தெரு முழுக்க உள்ளே பார்த்தது.

செண்பகம் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். சித்தி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு, "மனசைத் தேத்திக்கிட்டியா தாயி, எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டியா" என்றாள். அழுதுகொண்டே செண்பகத்தின் நெற்றியை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். செண்பகம் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். குடம் தளும்பி இருவர் மேலும் தண்ணீர் கொட்டியது. அவள் குடத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னாள்.

"பெட்டி மூடியே கிடந்தா துணியில பூசணம் பிடிக்குது சித்தி. காத்தாட எடுத்து வச்சேன். அவர் வந்தா உடுத்த வேணுமில்ல."

சித்தி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், கூந்தலை முடிந்தாள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ ஆம்பளை, நீ சொல்லு. மாப்பிள்ளை இருக்காரா, இல்லையா?"

"எனக்குத் தெரியலை சித்தப்பா."

"தெரியலைன்னா எப்படிப்பா? இருக்கார்னு வை, இல்லே இல்லேன்னு வை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொம்பளையை எத்தனை காலம் நிறுத்தி வைப்பே?"

அவர் கேட்டது நியாயம். அவருடைய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள், உங்கள் அண்ணன் மகள் நிலை என்ன என்று கேட்கிறார்கள். செய்யவேண்டிய காரியத்தைச் செய்தால் ஊர் வாய் மூடும், செண்பகத்துக்கும் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்துத்தான் அவர் அன்று வந்திருந்தார். நான் ஒரு பக்கம் சாய்ந்தால் என் தங்கையின் பொட்டை நானே அழித்ததாகும், இன்னொரு பக்கம் சாய்ந்தால் தெரியாத ஒன்றை உறுதி சொன்னதாகும். கையில் உப்புத்தாளோடு நின்றேன். ராகவாச்சாரியாரைப் பார்த்தேன். சாஸ்திரம் தெரிந்தவர், ஏதாவது சொல்லமாட்டாரா என்று. அவர் நிலைப்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். "நிச்சயம் தெரியாத விஷயத்தில நான் எப்படி வாயைத் திறக்கறது" என்று சொல்லிவிட்டுத் தன் பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்று மாலை பஸ்ஸிலேயே சித்தப்பாவும் சித்தியும் போனார்கள். வாழைத்தாரை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் பெண் கல்யாணத்துக்கு எனக்கு மட்டும் அழைப்பு வந்தது.

அவர்கள் போன பிறகு செண்பகம் மீதி இருந்த உப்புத்தாளை எடுத்துக் கீழ்ப் பலகையைத் தேய்த்தாள். நான் மேலே, அவள் கீழே. எண்ணெய் பூசியதும் பலகை பளபளத்தது. அடுத்த பங்குனி வெயிலில் அந்த நாலாவது மூலை பிளந்தது. மரத்தூள் வைத்து அடைத்தேன். சித்திரையில் மறுபடி திறந்தது. ஆசாரியை அழைத்துக் காட்டினேன். சுவர் அசைகிறது, யார்தான் என்ன செய்ய முடியும் என்றார். ராகவாச்சாரியார் ஜன்னலை அடைக்கும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. உற்சவ நாட்களில் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். செண்பகம் சாத்திக்கொண்டாள். நாதஸ்வரமும் வேத கோஷமும் வீதியில் போகும். அவள் இருட்டில் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கின. திரும்பிப் போகிற குடும்பங்கள் திருச்சி வழியாகப் போயின. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணே, நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள். எனக்கு அதற்குள் வையம்பட்டியில் பெண் எடுத்திருந்தார்கள். மனைவி நிறைமாதம். கூடப் போக முடியாது, செண்பகத்தைப் போகாதே என்று சொல்லவும் முடியாது. தெரிந்த குடும்பம் ஒன்றோடு சேர்த்து ரயிலேற்றினேன். மாணிக்கத்தின் துணிகளைத் தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "ஊருக்குப் போறியாம்மா?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்றாள் செண்பகம். வெளியே நின்ற என்னைப் பார்த்து அந்த அம்மாள், "அப்ப நீங்க?" என்றாள். ரயில் நகர்ந்துவிட்டது, நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

மாணிக்கம் கிடைக்கவில்லை. செண்பகம் திரும்பவும் இல்லை. பழைய மரக்கிடங்குக்குப் பக்கத்தில் நாலைந்து பேருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறாள் என்று, வந்து போகிறவர்கள் சொல்கிறார்கள். குங்குமம் வைத்திருக்கிறாளா என்று நான் கேட்பதில்லை. அவர்களாகவும் சொல்வதில்லை. அங்கே பர்மாக்காரர்கள் அவளிடம், உன் நாட்டுக்கு எப்போது போகப்போகிறாய் என்று கேட்கிறார்களாம்.

அங்கே மணி நமக்கு ஒரு மணி நேரம் முந்தி. இங்கே ஜவுளிக்கடைக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது, அங்கே சாப்பாட்டுக்கு வந்தவர்கள் எழுந்து போயிருப்பார்கள், அவள் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைக்கு வருகிறவர்கள் யாராவது, "மணி என்னங்க?" என்று என்னைக் கேட்பார்கள். தலைக்கு மேலேயே கடிகாரம் இருக்கிறது. இருந்தும் நான் சட்டென்று சொல்லிவிடுவதில்லை. எனக்கு முதலில் வருவது ரங்கூன் மணி, அதில் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.